55-இல் நின்ற கணினி

கணினிக்குப் படம் வரையத் தெரியும். கேட்டால் வெண்பா கூட முயன்று பார்க்கும். தமிழில் கேள்வி போட்டால் தமிழிலேயே பதில் வரும். அதே கணினி ஒருநாள் காலையில் எழுந்திருக்க மறுக்கிறது. உள்ளே விசிறி சுற்றுகிறது, விளக்குகள் எரிகின்றன, திரை மட்டும் கறுப்பு. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், ‘மதர்போர்டு’ எனப்படும் தாய்ப்பலகையின் மூலையில் இரண்டு இலக்கம் சிவப்பாக ஒளிர்கிறது: 55.

என்ன கோளாறு என்று ஒரு வரி எழுதிக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? ஊர்க்கதை எல்லாம் பேசுகிற இயந்திரத்துக்குத் தன் உடம்புக்கு ஒன்று என்றால் மட்டும் ஏன் வாய் வருவதில்லை?

மின்சாரம் போன வாரம்

டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே இருக்கும் ஊர் இர்விங். லாஸ் கொலினாஸ் பக்கம் அலுவலகக் கோபுரங்கள், வேலி ராஞ்ச் பக்கம் அடுக்குமாடி வீடுகள், மெக்கார்தர் சாலையில் நம்மூர் மளிகைக் கடைகள். கணினித் துறையில் வேலை செய்யும் தமிழர்கள் இங்கே நிறைய.

2021 பிப்ரவரி நடுவில் டெக்சஸை ஒரு பனிப்புயல் பிடித்தது. 16ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. முந்தின நாள் அதிகாலையிலேயே மாநில மின்தொகுப்பு தள்ளாடத் தொடங்க, முழுவதும் சரிந்துவிடாமல் இருக்க வீடு வீடாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். 45 லட்சம் இணைப்புகள் இருளில் மூழ்கின. கொரோனா காலம் வேறு. அலுவலகமே சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்த நேரம்.

மின்சாரம் திரும்பியபோது சில கணினிகள் திரும்பவில்லை. அப்படி ஒன்றை வைத்தே இந்த அத்தியாயத்தை நடத்துவோம். வேலி ராஞ்சில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்த மேசைக் கணினி. நினைவகத்துக்கு இரண்டு ராம் குச்சிகள், தனி கிராபிக்ஸ் அட்டை, மூலையில் இரண்டு இலக்கம் காட்டும் பலகை. நாலு வருடமாக அதை யாரும் சுவரிலிருந்து பிடுங்கியதே இல்லை. இரண்டு நாள் மின்வெட்டுக்குப் பிறகு பொத்தானை அழுத்துகிறார்கள். 55.

எழுந்தவுடன் கணினிக்கு என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது. மிகையாகச் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்தியதும் மின்பெட்டி தன் மின்னழுத்தங்களைச் சீராக்கிக்கொண்டு, ‘எல்லாம் சரி’ என்று ஒரு கம்பியில் சைகை கொடுக்கும். அதுவரை செயலி கட்டிப் போடப்பட்டிருக்கும். சைகை வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்ந்த செயலி செய்வது ஒரே ஒரு காரியம்: ஒரு குறிப்பிட்ட முகவரிக்குப் போய், அங்கே எழுதியிருக்கும் கட்டளையை எடுத்துச் செய்வது. அந்த முகவரி பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னச் சில்லில் இருக்கிறது. அதில் எழுதிவைத்த நிரலுக்கு நிலைப்பொருள் என்று பெயர். பழகிய வாய்க்கு அது ‘பயாஸ்’. கணினி எழும்போது ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுப் பார்ப்பது அதன் வேலை. இந்தப் பரிசோதனையைத் தொடக்கச் சோதனை என்போம்.

இந்தக் கட்டத்தில் செயலியின் நிலைமையைப் பாருங்கள். ராம் இன்னும் விழிக்கவில்லை, ஆகவே எதையும் எழுதிவைக்க இடமில்லை. தனக்குள் இருக்கும் சிறு இடைநினைவையே தற்காலிகமாகச் சிலேட்டு போலப் பயன்படுத்துகிறது. கிராபிக்ஸ் அட்டை இருக்கிறதா என்றே அதற்குத் தெரியாது. யு.எஸ்.பி. இல்லை, வன்தட்டு இல்லை, இணையம் இல்லை. திரையில் ‘ராம் பழுது’ என்று எழுத வேண்டுமானால் முதலில் ராம் வேண்டும், பிறகு அட்டையை எழுப்ப வேண்டும், எழுத்துருவை ஏற்ற வேண்டும். பழுதானது ராம் என்றால், பழுதைச் சொல்லும் வழியும் சேர்ந்தே அடைபட்டுவிடுகிறது.

அதனால்தான் எதுவுமே தேவைப்படாத ஒரு வழி வேண்டியிருந்தது.

80ஆம் வாசல்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது அதன் பயாஸ் மொத்தமும் 8 கிலோபைட்டுக்குள் அடங்கியது. எல்லாம் நலம் என்றால் பெட்டிக்குள் இருந்த ஒலிபெருக்கி ஒருமுறை ‘பீப்’ என்னும். ஒரு நீளமும் இரண்டு குட்டையுமாக ஒலித்தால் திரைக்கான அட்டையில் கோளாறு. திரை உயிரோடிருந்தால் எண் வரும்: 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை. விசைப்பலகை பழுது என்று சொல்லிவிட்டு, தொடர எஃப்-ஒன் விசையை அழுத்தச் சொல்லும் வழக்கத்தை வைத்துக் கணினிக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

1984-இல் வந்த பி.சி. ஏ.டி.யில் இன்னொரு ஏற்பாடு சேர்ந்தது. செயலி வெளியுலகோடு பேசுவதற்கு எண்ணிட்ட வாசல்கள் உண்டு. அவற்றில் 80 என்ற வாசலில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. தொடக்கச் சோதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் நிலைப்பொருள் அந்த வாசலில் ஓர் எண்ணைத் தூக்கிப் போடும். யாராவது பார்க்கிறார்களா என்று அதற்குக் கவலையில்லை. அந்த வாசலைக் கவனிக்கும் சிறு அட்டையைச் செருகினால் எண் தெரியும், செருகாவிட்டால் காற்றோடு போகும். தொழிற்சாலையில் பலகைகளைச் சோதிப்பதற்காக வைத்தது இது. பிறகு பழுதுபார்ப்பவர்களின் கைக்கு வந்தது. சென்னை ரிச்சி தெருவில் ‘டயக்னாஸ்டிக் கார்டு’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அது இதைத்தான் படிக்கிறது. விலை கூடிய பலகைகளில் அந்த அட்டையின் வேலையைப் பலகையே செய்கிறது.

போடுவது ஒரே ஒரு பைட். அதாவது 256 எண்களில் ஒன்று. அதை இரண்டே இலக்கத்தில் காட்டப் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையைப் பயன்படுத்துகிறார்கள்: 0 முதல் 9 வரை, அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகள். காட்டும் கருவியோ பழைய கால்குலேட்டர்களில் இருந்த ஏழு கோட்டுக் காட்டி. அதில் பெரிய ‘பி’ போட்டால் 8 மாதிரி இருக்கும், பெரிய ‘டி’ போட்டால் சுழி மாதிரி இருக்கும். அதனால் அந்த இரண்டையும் சின்ன எழுத்தில் போடுவார்கள். சின்ன ‘பி’யோ 6 மாதிரியே தெரியும். தலையில் கோடு இருந்தால் 6, இல்லாவிட்டால் பி. பி2 என்பதை 62 என்று படித்துவிட்டு, கிராபிக்ஸ் அட்டை பக்கம் போகவேண்டியவர்கள் பலகையின் துணைச் சில்லைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுண்டு. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தீர்ந்தது.

எண் என்ன சொல்கிறது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நம் ஊர் அரசுப் பேருந்து நடத்துநர் ஒவ்வொரு ஸ்டேஜிலும் தன் தாளில் கணக்கை முடித்து எழுதுவாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நடுவழியில் நின்றுவிட்டால், எந்த ஸ்டேஜைத் தாண்டியது என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். டயர் வெடித்ததா, டீசல் தீர்ந்ததா என்று தாள் சொல்லாது. 80ஆம் வாசலில் விழும் எண்களில் பெரும்பாலானவை இந்த வகை. ‘இந்த வேலையை ஆரம்பிக்கிறேன்’ என்ற குறிப்புகள் அவை. இன்னொரு சிறு கூட்டம் மட்டும் உண்மையான புகார்: ‘கேட்டேன், பதில் இல்லை’. பலகையோடு வரும் கையேட்டில் இரண்டு வகையையும் ஒரே அட்டவணையில், ஒரே எழுத்தளவில் அச்சடித்து வைக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். ஏஏ என்ற எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. கணினியை இயங்குதளத்திடம் ஒப்படைத்தாயிற்று, இனி எனக்கு வேலையில்லை என்பதே அதன் பொருள்.

ஊருக்கொரு 55

ஒரே எண்ணுக்கு ஏன் ஒவ்வொரு பலகையிலும் வேறு வேறு பொருள்? இதற்கான விடையில் டெக்சஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலிருந்து வெளியேறிய ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் முர்டோ மூவரும் 1982-இல் ஹூஸ்டனில் காம்பாக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஐ.பி.எம்.முக்கு எழுதிய மென்பொருள் எல்லாம் ஓடும் கணினியைச் செய்வது திட்டம். கடையில் கிடைக்கும் பாகங்களை வாங்கிவிடலாம், பயாஸை மட்டும் நகலெடுக்க முடியாது, பதிப்புரிமை ஐ.பி.எம்.முடையது. இத்தனைக்கும் அதன் நிரல் முழுவதையும் ஐ.பி.எம்.மே கையேட்டில் அச்சிட்டிருந்தது. அதைப் படித்தவர் எழுதினால் வழக்கு வரும். ஆகவே ஒரு குழு படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் குறித்துக் கொடுத்தது. ஐ.பி.எம். நிரலைக் கண்ணால் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது.

பின்னால் வந்த ஃபீனிக்ஸ், அவார்ட் போன்ற நிறுவனங்களும் தத்தம் பயாஸை எழுதின. வெளியே தெரியும் நடத்தை ஒன்றாக இருக்கவேண்டும் என்பது கட்டாயம், உள்ளே எந்தக் கட்டத்துக்கு எந்த எண் என்பது அவரவர் விருப்பம். அப்படிப் பிரிந்ததுதான் பிற்பாடு சேரவே இல்லை. 1985-இல் சுப்ரமோனியன் சங்கரும் பாட் சர்மாவும் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸும் இந்த வரிசையில் வந்ததே. ஆஸ்டினில் கல்லூரி விடுதி அறையிலிருந்து மைக்கேல் டெல் நடத்த ஆரம்பித்த பி.சி.ஸ் லிமிடெட், அதாவது பிற்கால டெல், இவர்களின் முதல் வாடிக்கையாளர். இன்று கடையில் வாங்கும் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸின் நிலைப்பொருள். அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

டெல்லின் இன்றைய மடிக்கணினிகளில் இலக்கக் காட்டி கிடையாது. மின்விளக்கு இரண்டு முறை மஞ்சளாகவும் மூன்று முறை வெள்ளையாகவும் கண்சிமிட்டினால் ராம் கண்ணில் படவில்லை என்று பொருள். நம் மேசைக் கணினியின் 55 சொல்வதும் ஏறத்தாழ அதுவே. மொழிதான் வேறு. ஆகவே எண்ணைப் பார்த்ததும் முதலில் தேடவேண்டியது உங்கள் பலகையின் கையேட்டை. மாமா பையன் பலகையில் 55-க்கு என்ன பொருள் என்பது உங்களுக்கு உதவாது.

55-ஐ அவிழ்ப்போம்

நம் வேலி ராஞ்ச் கணினிக்குள் இருப்பது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிலைப்பொருள். அதன் அட்டவணையில் 5-இல் தொடங்கும் எண்களில் பல நினைவகப் புகார்கள். 55-க்கு நேரே ‘நினைவகம் பொருத்தப்படவில்லை’ என்று இருக்கும்.

ஆனால் குச்சிகள் கண்ணெதிரே நிற்கின்றனவே? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒவ்வொரு ராம் குச்சியிலும் பொட்டு அளவு சில் ஒன்று உண்டு. குச்சியின் கொள்ளளவு, வேகம், மின்னழுத்தம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். நிலைப்பொருள் ஒவ்வொரு துளையாக ‘யார் அங்கே?’ என்று கேட்டு அதைப் படிக்கும், பிறகு அந்த விவரப்படி குச்சியை இயக்கிப் பார்க்கும். பயன்படுத்தத்தக்க நினைவகம் எங்கிருந்தும் கிடைக்காவிட்டால் 55. குச்சி செத்திருக்கலாம். துளையில் தூசி இருக்கலாம். நினைவகத்தை இயக்கும் சுற்று இப்போதெல்லாம் செயலிக்குள்ளேயே இருப்பதால், செயலியின் அடியில் ஒரு முள் வளைந்திருந்தாலும் பல பலகைகள் இதே எண்ணைக் காட்டும். சேமித்து வைத்த அமைப்புகள் குழம்பியிருக்கலாம். நான்கும் நான்கு விலை. கடைசியில் சொன்னதற்கு ஏறக்குறையச் செலவே இல்லை.

முதலில் மின்பெட்டியின் பின்பக்க விசையை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, கணினிப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். அடுத்து, பெட்டியின் வெற்று இரும்பைத் தொட வேண்டும். டெக்சஸ் குளிர்காலத்தில் இதை விட்டுவிடாதீர்கள். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துபோய், கம்பளத்தில் நாலடி நடந்தாலே உடம்பில் நிலைமின்சாரம் ஏறிவிடும். விரலில் சுரீர் என்று உறைக்க இரண்டு மூவாயிரம் வோல்ட் வேண்டும். சில்லைக் கெடுக்க அதைவிட வெகு குறைவாகவே போதும். நமக்கு உறைக்காமலே கெடுத்துவிடலாம் என்பது இதிலுள்ள வம்பு.

இரண்டு குச்சிகளையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும், செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் துளையில் போடுகிறோம். நாலு துளைப் பலகைகளில் பெரும்பாலும் இதையே கையேடு கேட்கும். செயலியிலிருந்து வரும் கம்பித்தடம் முதல் துளையைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் முடிகிறது. கடைசித் துளை காலியாக இருந்தால் சைகை அந்த வெற்று முனையில் மோதித் திரும்பி வந்து, அடுத்து வரும் சைகையைக் கலைக்கும்.

போட்டு, கிளிப் ‘டக்’ என்று விழும்வரை அழுத்தி, மின்சாரம் கொடுத்தால்: 55. மற்றக் குச்சி: 55. துளையை மாற்றினாலும் 55.

இப்போது யோசிக்க வேண்டும். இரண்டு குச்சிகளும் ஒரே இரவில் சாவது அரிது. இரண்டு துளைகளும் சேர்ந்து கெடுவது இன்னும் அரிது. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும் ஒன்றில்தான் கோளாறு. அது செயலியாக இருக்கலாம், அமைப்புகளாகவும் இருக்கலாம். கைவைக்காத செயலியின் முள் தானாக வளையாது.

அமைப்புகள் என்றதும் மின்வெட்டுக்கு வருகிறோம். பலகையில் பித்தான் வடிவ மின்கலம் ஒன்று உண்டு, சிஆர்-2032, மூன்று வோல்ட். கடிகாரத்தையும் சில அமைப்புகளையும் காப்பது அது. கணினி சுவரில் செருகியிருக்கும்வரை, அணைத்த நிலையிலும் மின்பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், மின்கலத்துக்கு வேலை இருக்காது. அது எப்போதோ வற்றியிருந்தாலும் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் மின்வெட்டு வந்தால் தெரிந்துவிடும். இந்த வீட்டுக்காரர் ராமைக் குச்சியில் எழுதிய அதிவேகத்தில் ஓட்டும்படி முன்பு அமைத்திருந்தார். அந்த அமைப்பு பாதி அழிந்து பாதி நிற்க, நிலைப்பொருள் நடக்காத ஒரு வேகத்தில் நினைவகத்தை எழுப்பப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருக்கிறது.

மின்கலத்தைக் கழற்றினால் அமைப்புகள் முழுவதும் அழிந்து தொழிற்சாலை நிலைக்குப் போகும். ஆனால் அது எங்கே இருக்கிறது? கிராபிக்ஸ் அட்டைக்கு நேர் அடியில். பலகை வடிவமைப்பவர்களுக்கு இதில் என்ன சந்தோஷமோ! அட்டையைக் கழற்றி, மின்கலத்தை எடுத்து, சில நிமிடம் விட்டு, புதியதைப் போட்டு, பொத்தானை அழுத்துகிறோம்.

எண்கள் ஓடுகின்றன. 2-இல் தொடங்குபவை, 3-இல் தொடங்குபவை, 6, 9… பிறகு டி6-இல் நிற்கிறது. திரை இன்னும் கறுப்புதான்.

இந்த இடத்தில் மனம் உடைந்து ‘போர்டே போச்சு’ என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. கையேட்டைப் பாருங்கள். டி6 என்றால் காட்சிக்கான கருவி எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காதுதான், அட்டை மேசைமேல் கிடக்கிறதே! இந்தச் செயலிக்குள் கிராபிக்ஸ் இல்லை. நினைவகத்தைத் தாண்டி, பாதி உறுப்புகளைத் தொட்டுவிட்டுத் திரையைத் தேடும் கட்டம்வரை கணினி வந்துவிட்டது என்று பொருள். எண் மாறியதே இங்கே நல்ல செய்தி.

அட்டையைச் செருகி, அதற்கான மின்கம்பியையும் மறக்காமல் மாட்டினால் திரை உயிர்பெறுகிறது. அமைப்புகள் அழிந்துவிட்டன, எஃப்-ஒன் அழுத்தவும் என்கிறது. அழுத்தினால் அமைப்புத் திரை, மூலையில் ஏ9. கடிகாரம் சில வருடம் பின்னால் நிற்கிறது. அதைத் திருத்தாமல் உள்ளே போனால் இணையத்தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று கதவைச் சாத்தும், அலுவலக வி.பி.என்.னும் ஏற்காது. எந்த வட்டிலிருந்து எழவேண்டும் என்ற வரிசையும் மறந்துபோயிருக்கும், அதையும் பார்த்துச் சேமிக்க வேண்டும். அதிவேக ராம் அமைப்பை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். சேமித்ததும் ஏஏ.

செலவு ஒரு மின்கலம். அது மருந்துக் கடையிலேயே கிடைக்கும். புதுக் குச்சிகள் வாங்க அடுத்த வாரம் ஓடியிருந்தால் பக்கத்துக் கடையே இருந்திருக்காது. இர்விங்கில் பெரிய கிளை வைத்திருந்த ஃப்ரைஸ் எலக்ட்ரானிக்ஸ், புயல் ஓய்ந்த அடுத்த வாரமே, பிப்ரவரி 24 அன்று, நாடு முழுவதும் தன் கடைகளை ஒரேயடியாக மூடிவிட்டது.

காத்திருக்கச் சொல்லும் 15

டிடிஆர்-5 வகை ராம் வந்தபிறகு இந்தத் துறையில் புதிதாக ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. அதன் சைகைகள் மிக வேகமானவை. செயலியிலிருந்து ஒவ்வொரு குச்சிக்கும் போகும் தடத்தின் நீளத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும், சைகைகள் முன்னே பின்னே வந்து சேரும். அதனால் முதல்முறை எழும்போது நிலைப்பொருள் ஒவ்வொரு கம்பியிலும் அனுப்பிப் பார்த்து, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, சரியான இடத்தைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்கிறது. இதை நினைவகப் பயிற்சி என்கிறார்கள். குச்சிகள் கூடுதலாக இருந்தால் சில நிமிடம்கூட ஆகும். அதுவரை திரை கறுப்பு, பல ஏஎம்டி பலகைகளில் மூலையில் அசையாமல் 15.

அட்டவணையில் 15 ‘பிழை’ இல்லை, ‘ஆரம்பிக்கிறேன்’ வகை. கணினி உழைத்துக்கொண்டிருக்கிறது. பொறுமையிழந்து அணைத்தால் பயிற்சி முதலிலிருந்து தொடங்கும், மறுபடி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. மின்கலத்தை மாற்றினாலும், நிலைப்பொருளைப் புதுப்பித்தாலும், குச்சியை இடம் மாற்றினாலும் இதே கதைதான். கால் மணி நேரம் தாண்டியும் அதே 15 நின்றால் ஒற்றைக் குச்சியோடு இரண்டாவது துளைக்குப் போகலாம். அதற்குமுன் பெட்டியைத் திறக்க வேண்டாம்.